நிவாரணம் வாங்கும்போது: நன்றியை யாரிடம் சொல்வது, புகாரை எப்படி எழுதுவது

பேரிடர் முகாம்களில் குறை கேட்கும் மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். வெள்ளம், புயல், தீ, நிலச்சரிவு என்று காரணம் மாறும். மேசைக்கு வருகிறவர்களின் முதல் பேச்சு மட்டும் மாறாது. "குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க" என்றுதான் பெரும்பாலோர் ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொல்வது, அன்றைக்கு அந்த முகாமுக்கு மிகவும் தேவையான செய்தியாக இருக்கும். ஒரு அம்மா அப்படித்தான் தயங்கித் தயங்கி வந்தார். "குடிக்கிற தண்ணியில எண்ணெய் வாடை அடிக்குது, எனக்கு மட்டும்தானோ என்னவோ" என்றார். விசாரித்தால், தண்ணீர் கொண்டுவந்த லாரியின் தொட்டி முன்பு எரிபொருள் ஏற்றப் பயன்பட்டது. அவருக்கு முன்னால் அதே தண்ணீரைப் பிடித்தவர்கள் எல்லோரும், சும்மா கிடைப்பதைக் குறை சொல்வானேன் என்று பேசாமல் போயிருந்தார்கள்.

இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்காக. சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று நம்புகிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

நன்றி சொல்லிவிட்டால் புகார் சொல்லக்கூடாது, புகார் சொன்னால் நன்றி கெட்டவர் என்று ஒரு கணக்கை வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு தவறு. நன்றி மனிதர்களுக்குப் போக வேண்டியது, புகார் ஏற்பாட்டுக்குப் போக வேண்டியது. முகவரி வேறு வேறு என்பதால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆள், முழு மனதோடு சொல்லலாம்.

கொடுப்பது யாருடையது

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் போர்வையை எடுத்துக் கொடுத்தால் அந்தப் பழமொழி பொருந்தும். பொது நிவாரணத்துக்குப் பொருந்தாது. அரசு கொடுப்பது வரிப்பணம். நீங்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளின் மீதும் கட்டிய வரி அதில் சேர்ந்திருக்கிறது. தொண்டு நிறுவனம் கொடுப்பது, உங்கள் நிலைமையைச் சொல்லித் திரட்டிய பணம். நடுவில் இருப்பவர்கள் அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கப் பொறுப்பேற்றவர்கள். ஆகவே பல்லைத் தாராளமாகப் பார்க்கலாம்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1998இல் வகுத்த வழிகாட்டு நெறிகளில் மூன்றாவது நெறி, உதவி கேட்கவும் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு, கேட்டதற்காக அவர்களைத் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் ஏற்ற நடத்தை விதிகள் பத்து. அவற்றில் ஒன்பதாவது, பணம் தந்தவர்களுக்கும் உதவி பெறுகிறவர்களுக்கும் நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்கிறது. 2014இல் வந்த மனிதநேயப் பணிக்கான அடிப்படைத் தரத்தில் ஒன்பது உறுதிமொழிகள் உண்டு. ஐந்தாவது உறுதிமொழியே புகார்களை வரவேற்று அவற்றைத் தீர்ப்பதுதான். இவற்றை வைத்து நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. ஆனால் பெரிய நிறுவனங்கள் பலவும் ஒப்புக்கொண்டவை என்பதால், பெயர் சொல்லிக் கேட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். உள்நாட்டுச் சட்டம் இருந்தால் இன்னும் நல்லது. உதாரணமாக, இந்தியாவின் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொல்கிறது. உங்கள் நாட்டில் எந்தச் சட்டம் என்று தெரிந்த ஒருவர் முகாமில் எப்போதும் இருப்பார். பள்ளிக்கூட ஆசிரியரையோ வக்கீல் குமாஸ்தாவையோ கேட்டுப் பாருங்கள்.

வாங்கும் இடத்திலேயே செய்ய வேண்டியவை

கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணுங்கள். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், அவசரப்படுத்துகிறார்கள் என்று எண்ணாமல் போனால், அப்புறம் வந்து குறைகிறது என்று சொல்வதில் பயன் இல்லை. பதிவேட்டில் எத்தனை பொருள், எவ்வளவு தொகை என்ற இடம் காலியாக இருந்தால், அதை நிரப்பச் சொல்லிவிட்டு அப்புறம் கைநாட்டு வையுங்கள். "எழுதிட்டுக் குடுங்க தம்பி, நான் கையெழுத்துப் போடறேன்" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும், யாரும் கோபப்பட மாட்டார்கள். குறைவாக இருந்தால் "குறைவாகப் பெற்றேன்" என்று எழுதி, எது குறைகிறது என்றும் எழுதிக் கையெழுத்துப் போடலாம். இது பலருக்குத் தெரியாது. வாங்குவதா, மறுப்பதா என்ற இரண்டு வழி மட்டும் இருப்பதாக நினைக்கிறார்கள்.

பொட்டலத்தின் காலாவதித் தேதி, மருந்தின் பெயர், தார்ப்பாயின் ஓட்டை, எல்லாவற்றையும் மேசையை விட்டு நகரும் முன் பார்த்துவிடுங்கள். டோக்கனையும் சீட்டையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தாள் நனைந்து போகும்.

நன்றி சொல்வது

பொதுவாக "எல்லாருக்கும் நன்றி" என்று சொன்னால் அது யாரையும் போய்ச் சேராது. ஆளைப் பார்த்து, செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "ராத்திரி விளக்கு எரிய வெச்சீங்களே, பிள்ளைங்க பயப்படாம தூங்கிச்சுங்க" என்று ஒரு தன்னார்வலரிடம் ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்த நன்றியில் ஒரு தகவலும் இருந்தது: விளக்கு எரிவது முக்கியம், அதை நிறுத்தாதீர்கள். எதைத் தொடர வேண்டும் என்று நல்ல நன்றி சொல்லிவிடும். முகாம் நடத்துகிறவர்களுக்கு இது மிகவும் தேவை, ஏனென்றால் எது உதவியது என்று அவர்களுக்கும் பெரும்பாலும் தெரியாது.

யாரிடம் சொல்வது? குப்பை அள்ளுகிறவர், கழிப்பறை கழுவுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், கணினியில் பெயர் பதிகிறவர். அவர்களில் பலருடைய வீடும் அதே பேரிடரில் போயிருக்கும். தன் வீட்டில் சேறு வழிக்க ஆள் இல்லாமல் நம் பெயரைப் பதிந்துகொண்டிருப்பார். அவருக்குச் சொல்லும் நன்றி வீண் போகாது.

யாருக்குக் கடமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் நின்று கொடுக்கிறவருக்கு, கேமரா பார்க்கக் கும்பிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பொருளை வாங்கிக்கொண்டு, "படம் வேண்டாங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. படம் எடுத்தால்தான் கொடுப்போம் என்றால் அது தவறு, அதையே புகாராக எழுதலாம். நான் சொன்ன 1994 விதிகளில் பத்தாவது, விளம்பரங்களிலும் செய்திகளிலும் பாதிக்கப்பட்டவர்களைக் கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும், கதியற்ற பொருள்களாகக் காட்டக்கூடாது என்கிறது. குழந்தைகளின் படம் என்றால் இன்னும் கறாராக இருங்கள். வாங்கும் நேரத்தில் அழுத முகம் பல ஆண்டுகள் இணையத்தில் கிடக்கும், அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும்.

அமெரிக்காவைச் சேர்ந்த சிடிஏ என்ற அமைப்பு, உதவி பெற்றவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று 20 நாடுகளில் சுமார் 6,000 பேரிடம் கேட்டது. 2012இல் வெளியான அதன் முடிவின் சாரம்: உதவிக்கு மக்கள் நன்றியோடுதான் இருக்கிறார்கள், ஆனால் அது கொடுக்கப்படும் விதம் மாற வேண்டும் என்கிறார்கள். என் மேசைக்கு வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நன்றியை நம்பும்படி சொன்னவரின் 'ஆனால்' அதிகம் எடுபடுகிறது என்பது என் அனுபவம்.

புகாரை மூன்றாகப் பிரியுங்கள்

எல்லாப் புகாரும் ஒரே அவசரம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னால், கேட்கிறவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஒதுக்கிவிடுவார்.

முதல் வகை, உயிருக்கு ஆபத்தானது. தண்ணீரில் வாடை, நிறம். நனைந்த சுவரில் மின்கம்பி. குளிர்ச்சியாக வைக்க வேண்டிய இன்சுலின் வெயிலில் கிடப்பது. வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் பால் பவுடரை அள்ளிக் கொடுப்பதும் இதில்தான் சேரும்; சுத்தமில்லாத தண்ணீரில் அதைக் கரைத்தால் குழந்தைக்கு நோய் வரும். இவற்றுக்கு மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். போய் நேராகச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். எனக்கு மட்டும்தானோ என்ற சந்தேகம் வந்தாலும் சொல்லுங்கள். தவறாக இருந்தால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது வகை, விடுபட்டதும் குறைந்ததும். பட்டியலில் பெயர் இல்லை, தொகை குறைகிறது, கழிப்பறை போதவில்லை. இவற்றைக் கட்டாயம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வகை, பிடிக்காதது. போர்வையின் நிறம், ஒரே மாதிரிச் சாப்பாடு. இதைச் சொல்வதில் தப்பில்லை, ஆனால் முதல் சில நாட்கள் பொறுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பிடிக்கவில்லை என்று தோன்றுவது சில சமயம் வேறாக இருக்கும். ஒரு பெரியவர் பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப வேண்டாம் என்றார். பிடிவாதக்காரர் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு, உப்பு ஆகாது. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

பெண்களின் புகார்களில் பாதி இந்தக் கூச்சத்திலேயே நின்றுவிடுகிறது. கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, போகும் வழியில் வெளிச்சம் இல்லை, மாதவிலக்குத் துணி உலர்த்த இடம் இல்லை. ஆண்கள் நடத்தும் மேசையில் இதை யார் சொல்வார்? தண்ணீர் குடித்தால் இருட்டில் போக வேண்டியிருக்குமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெண்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு வழி: நாலைந்து பேர் சேர்ந்து வாருங்கள், மேசையில் ஒரு பெண்ணை உட்காரச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் கூடாவிட்டால் ஒரு தாளில் எழுதி மடித்துக் கொடுங்கள். பெயர் வேண்டியதில்லை.

அளவு தெரிந்தால் புகார் கனமாகும்

"தண்ணி பத்தலை" என்ற புகாருக்கு "எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற பதில் தயாராக இருக்கும். அளவைச் சொன்னால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. 1997இல் தொடங்கிய ஸ்பியர் என்ற திட்டம், முகாம்களுக்கான குறைந்தபட்ச அளவுகளைக் கையேடாக வெளியிட்டு வருகிறது. 2018 பதிப்பில் இருப்பவற்றுள் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர். தண்ணீர் இருக்கும் இடம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வரிசையில் காத்திருப்பது 30 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கூரைக்குக் கீழ் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், சமைக்கும் இடம் நீங்கலாக. முதல் கட்டத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, கொஞ்சம் நிலைமை சீரானதும் 20 பேருக்கு ஒன்று. உணவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி.

இப்போது அதே புகாரை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எங்கள் கூடத்தில் 120 பேர். நேற்றும் இன்றும் ஒரு நாளைக்கு வந்த தண்ணீர் 900 லிட்டர். ஆளுக்கு ஏழரை லிட்டர்தான் வருகிறது. ஸ்பியர் அளவில் பாதி." இதைக் கேட்டுக்கொண்டு அலுவலர் மேலே போய் இன்னொரு லாரி கேட்க முடியும். அவர் கையில் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டீர்கள். முகாமில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கெடுக்கும் வேலையை ஒப்படையுங்கள், அவர்களுக்கும் பொழுது போகும்.

எழுதும் முறை

ஒரு தாளில் ஒரு விஷயம் மட்டும். மூன்று விஷயம் எழுதினால் எளிதானதைச் செய்துவிட்டு "தீர்ந்தது" என்று முடித்துவிடுவார்கள். எந்த இடம், எந்தத் தேதி, என்ன நடந்தது, எத்தனை பேருக்கு, என்ன வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் போதும். கடைசியான 'என்ன வேண்டும்' என்பதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கம் வேதனையை எழுதிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுத மாட்டார்கள். உங்கள் வேதனை உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனுவை எடுத்து வேலை செய்யப்போகிற ஆளுக்கு வேண்டியது அந்த ஒரு வரி.

நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி இப்படி இருக்கும்:

"வணக்கம். தெற்குக் கூடத்தில் தங்கியுள்ள எங்கள் குடும்பத்தில் ஆறு பேர். செவ்வாய்க்கிழமை வெளியிட்ட பட்டியலில் நால்வர் பெயர் மட்டும் உள்ளது. என் மாமியார், என் மகன் ஆகிய இருவர் பெயர் விடுபட்டுள்ளது. இருவரும் முகாம் பதிவேட்டில் உள்ளனர், நகல் இணைத்துள்ளேன். இருவர் பெயரையும் சேர்த்து, அடுத்த விநியோகத்தில் அவர்களுக்கான பங்கையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. "தாங்கள் பெரிய மனது பண்ணி" என்பது எங்கும் வரவில்லை பாருங்கள். அதை எழுதினால், உங்களுக்குச் சேர வேண்டியதை நீங்களே சலுகையாக மாற்றிக் கொடுக்கிறீர்கள்.

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் எண்ணும் வாங்குங்கள். நகல் எடுக்க வசதி இல்லையா, கைபேசியில் படம் எடுத்து, வாங்கியவரின் பதவியையும் நேரத்தையும் கீழே குறித்து வையுங்கள். எப்போது வந்து கேட்கலாம் என்று அன்றே கேட்டு வையுங்கள். சொன்ன நாளில் போய்க் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அதே தாளை, அதே எண்ணைக் குறித்து, அடுத்த மேல் அலுவலருக்கு அனுப்புங்கள். புதிதாக எழுதாதீர்கள், புதிய மனு என்றால் காலக்கணக்கும் புதிதாகத் தொடங்கும்.

மேல்முறையீட்டுக்குப் பல இடங்களில் கெடு உண்டு. அமெரிக்காவில் ஃபெமா என்ற பேரிடர் முகமையின் முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும். நிராகரிப்புக் கடிதம் வந்தால் தேதியை முதலில் பாருங்கள், அழுவது அப்புறம். பட்டியல் எப்படித் தயாரானது என்றே யாரும் சொல்லவில்லை என்றால், தகவல் அறியும் சட்டம் இருக்கும் நாடுகளில் அதைப் பயன்படுத்துங்கள். இந்தியாவில் 2005 சட்டப்படி சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். இலங்கையிலும் 2016 முதல் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது.

அடுத்தவருக்குக் கிடைத்ததைப் பற்றி

முகாமை உடைப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "அவங்களுக்கு மட்டும் எப்படி ரெண்டு?" என்ற கேள்வி தண்ணீர்ப் பஞ்சத்தை விட வேகமாகப் பரவும். இரண்டு குடும்பம் ஒரே கூரையில் இருந்திருக்கலாம், வீட்டில் கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக ஒருவரோ இருக்கலாம். காரணம் எழுதி ஒட்டப்படாததால் எல்லோரும் சதி என்று நினைக்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த அடிப்படையில் கொடுக்கிறீர்கள், அதை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவீர்களா?" என்பது. பாதிச் சண்டை அந்த ஒரு தாளில் அடங்கும்.

உங்கள் புகாரில் "அவர் பெயர் ஏன் இருக்கிறது" என்று எழுதாமல் "என் பெயர் ஏன் இல்லை" என்று எழுதுங்கள். முதலாவதை எழுதினால் ஒரு பெயரை அடிப்பார்கள், உங்களுக்கு ஒன்றும் வராது. இரண்டாவதில் ஒரு பெயர் சேரும்.

பெயர் விடுபடுவதற்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணம் இல்லை. கணக்கெடுப்பவர் வீட்டுச் சொந்தக்காரரை எழுதிக்கொள்வார், வாடகைக்கு இருப்பவர் விடுபடுவார். ஒரு அட்டைக்கு ஒரு பங்கு என்றால் கூட்டுக் குடும்பம் அடிபடும். வேலைக்காக வேறு ஊரிலிருந்து வந்தவரின் அடையாள அட்டையில் முகவரி வேறாக இருக்கும். உறவினர் வீட்டில் ஒதுங்கியவர் முகாமுக்கே வராததால் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். தனியாக வாழும் வயதானவர் கதவைத் தட்டும் சத்தமே கேட்டிருக்க மாட்டார். உங்களுக்கு எல்லாம் சரியாகக் கிடைத்துவிட்டது என்றால், உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது: இப்படி விடுபட்ட ஒருவரைத் தேடி அவருக்காக எழுதிக் கொடுங்கள். கிடைத்தவர் எழுதும் புகாரை யாரும் பேராசை என்று சொல்ல முடியாது.

உண்மையிலேயே பொய்க் கணக்குக் காட்டி வாங்குகிறவரைத் தெரிந்தால்? அது குற்றம். இந்தியச் சட்டத்தில் பொய்யான நிவாரணக் கோரிக்கைக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. நிவாரணப் பொருளைச் சுருட்டுகிறவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. கூட்டத்தில் கத்தாமல், ஆதாரத்தோடு, ரகசியமாக எழுதிக் கொடுங்கள். நீங்கள் நினைத்தது தவறாக இருந்தால் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடும்.

"நாற்றம் அடிக்கிறது" என்று சொன்னவர்கள்

நன்றி கெட்டவர்கள் என்ற பேச்சுக்குப் பயந்து வாயை மூடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் நிகழ்ச்சி இது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கியது. வீடிழந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஃபெமா, வண்டியில் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. குடிபோனவர்களில் சிலர் கண் எரிகிறது, மூக்கில் இரத்தம் வருகிறது, குழந்தைகளுக்கு மூச்சு முட்டுகிறது என்று 2006லேயே சொல்ல ஆரம்பித்தார்கள். இலவசமாக வீடு கிடைத்திருக்கிறது, அதில் வாடை அடிக்கிறதாம் என்று கேலி பேச இதைவிட வசதியான இடம் கிடைக்காது. முகமையின் வழக்கறிஞர்களே சோதனை செய்வதைத் தவிர்க்கச் சொன்னது 2007 ஜூலையில் நாடாளுமன்றக் குழு விசாரணையில் வெளிவந்தது. 2008 பிப்ரவரியில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதனை முடிவை அறிவித்தது. பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு கசிகிறது, கோடைக்குள் மக்களை வெளியேற்ற வேண்டும் என்றது. 2012இல் தயாரிப்பாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் 4.26 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

அந்த முதல் சிலர் பேசாமல் இருந்திருந்தால் அந்தச் சோதனை நடந்திருக்குமா என்று யோசியுங்கள்.

இது வேறு வகை

பொருளுக்கோ பட்டியலில் பெயருக்கோ பதிலாக உடலைக் கேட்பது, தனியே வரச் சொல்வது, தொடுவது, பிள்ளைகளிடம் நெருங்குவது: இவை நிவாரணத்தில் குறை என்ற கணக்கில் வரவே கூடாது. 2002இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அகதி முகாம்களில் உதவிப் பணியாளர்களே இப்படிச் செய்தது வெளிவந்தது. அதன் பிறகுதான் ஐ.நா. அமைப்புகள், உதவிக்குப் பதிலாக உடலுறவு கேட்பது பணிநீக்கத்துக்குரிய குற்றம் என்று எழுதி வைத்தன. பாதிக்கப்பட்டவருக்கு அந்த ஆள் முன்பு எத்தனை உதவி செய்திருந்தாலும் இதில் நன்றிக்கடன் கிடையாது. அதே முகாமின் மேசைக்கு வர வேண்டியதில்லை. வேறு அமைப்பிடம், காவல்துறையிடம், மருத்துவரிடம், யாரை நம்புகிறீர்களோ அவரிடம் சொல்லுங்கள். ஆதாரம் தேடிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், விசாரிப்பது அவர்கள் வேலை. இதைக் கேள்விப்பட்ட நீங்கள் செய்ய வேண்டியது, அவரை நம்புவதும் கூடப் போவதும்.

கோபம் வரும்போது

வரும். தூக்கம் இல்லை, வீடு இல்லை, மூன்றாவது தடவையாக அதே படிவம். அந்த நிலையில் மேசைக்குப் போனால் எதிரே இருக்கும் பையனைத்தான் திட்டுவோம். அவன் படிவத்தை உருவாக்கவில்லை. முடிந்தால் அன்று வேறொருவரை அனுப்புங்கள். முடியாவிட்டால் "உங்க மேல கோபம் இல்லை தம்பி, இந்த ஏற்பாட்டு மேலதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு எங்கள் கை தானாக வேகமாக எழுதும்.

காணொளி எடுத்துப் போடுவது பற்றிக் கேட்கிறார்கள். முதலில் எழுத்தில் கொடுங்கள், சொன்ன கெடு தாண்டட்டும், அப்புறம் போடுங்கள். ஆபத்தான விஷயம் என்றால் கெடு பார்க்க வேண்டாம். பணியாளர் முகமோ பக்கத்துக் குடும்பத்தின் முகமோ தெரிய வேண்டாம். தாளையும் இடத்தையும் காட்டினால் போதும். சரிசெய்துவிட்டால் அதையும் அதே இடத்தில் போடுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு. செய்கிறவர்களின் அடுத்த புகாரை எல்லோரும் நம்புகிறார்கள்.

குறை தீர்ந்ததும் ஒரு கடிதம் எழுதுங்கள். தீராமலே "தீர்ந்தது" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பாதி தீர்ந்திருந்தால் எது தீர்ந்தது, எது பாக்கி என்று பிரித்து எழுதுங்கள். நான் கோப்பில் வைத்திருக்கும் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தையல்காரம்மா எழுதியது. பழைய மனு எண்ணை மேலே குறித்துவிட்டு இவ்வளவுதான் எழுதியிருந்தார்: "வடக்குப் பக்கக் கழிப்பறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் போட்டுவிட்டீர்கள். ஏணியில் ஏறி மாட்டிய தம்பிக்கு எங்கள் எல்லோருடைய நன்றியைச் சொல்லவும். இரண்டாவது கதவின் தாழ்ப்பாள் தளர்வாக உள்ளது, இந்த வாரத்துக்குள் ஒரு திருகாணி போட்டுத் தரவும்."